தம்பிடி, கிளப்பு, விதானையார்: பழைய வானொலிச் சிரிப்பு நாடகங்களின் பேச்சு

கேள்வி இது: “தாத்தா பதிந்து வைத்திருந்த கேசட்டுகளைக் கணினியில் ஏற்றிக்கொண்டிருக்கிறேன். எல்லாம் பழைய வானொலிச் சிரிப்பு நாடகங்கள். சில நம்மூர், சில இலங்கை. பாதி வார்த்தை பிடிபடவில்லை. உச்சரிப்பும் ஒரு மாதிரி இழுவையாக, செயற்கையாக இருக்கிறது. அந்தக் காலத்தில் நிஜமாகவே இப்படித்தான் பேசிக்கொண்டார்களா?”

பேசிக்கொண்டார்கள். ஆனால் எல்லாரும் அல்ல; அந்த நாடகம் ஒலிபரப்பான வருஷத்திலும் அல்ல. இந்த இரண்டாவது விஷயத்தைத்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். சிரிப்பு நாடகத்தில் ஒரு பாத்திரம் பேசும் பேச்சு, பெரும்பாலும் அது ஒலிபரப்பான அன்றைக்கே ஒரு தலைமுறை பழசு. கேட்டவர்கள் சிரித்ததே அதனால்தான். இன்றைக்கு ஒரு பையன் மேடையேறித் தாத்தா மாதிரிப் பேசிக் காட்டினால் கூட்டம் சிரிக்கிறதே, அதே கணக்கு. அவன் பதிவை ஐம்பது வருஷம் கழித்து எடுத்துக் கேட்பவர், நம் காலத்தில் ஊரே இப்படித்தான் பேசியது என்று நினைத்துக்கொள்வார். நீங்கள் இப்போது நிற்பது அந்த ஆள் நிற்கப்போகிற இடத்தில்.

நான் வளர்ந்தது திருநெல்வேலிப் பக்கம். வீட்டில் ஒரு வால்வு ரேடியோ. முள்ளைக் கொஞ்சம் நகர்த்தினால் திருச்சி, இன்னும் கொஞ்சம் நகர்த்தினால் கொழும்பு. பல நாள் திருச்சியைவிடக் கொழும்புதான் தெளிவாக விழும். அதனால் இரண்டு ஊர்ச் சிரிப்பும் ஒன்றாகவே காதில் ஏறியது. நீங்கள் சொல்லும் கலவை எனக்குப் பழக்கமானதுதான்.

முதலில் காசு. பழைய நாடகங்களில் இன்றைய காதுக்குப் புரியாமல் போகும் இடங்களில் முக்கால்வாசி காசு விவகாரம். போன வருஷம் ஒரு பழைய நாடகத்தை என் அக்கா பேரனுக்குப் போட்டுக் காட்டினேன். ஒரு கிழவர் கடைக்காரரிடம் தம்பிடி கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். பையன் முழித்துவிட்டு, “தம்பிய ஏன் தாத்தா அடிக்கிறாங்க?” என்றான். தம்பி + அடி என்று பிரித்திருக்கிறான். தப்புச் சொல்ல முடியாது, காதில் விழுந்ததை வைத்துப் பிரித்திருக்கிறான்.

ஒரு ரூபாய்க்கு 16 அணா. ஒரு அணாவுக்கு 12 தம்பிடி. ஆக ரூபாய்க்கு 192 தம்பிடி. காலணா என்றால் அணாவில் கால், அதாவது 3 தம்பிடி. இதை மனதில் வைத்துக்கொண்டு கேட்டால் பேரம் பேசும் காட்சிகள் எல்லாம் உயிர் பெறும். “காலணா பெறாது” என்றால் ரூபாயில் 64ல் ஒரு பங்குகூடத் தேறாது என்று அர்த்தம். “பதினாறணா உண்மை” என்றால் கலப்படமில்லாத முழு உண்மை, ரூபாய் முழுசாக இருக்கிறது. இந்தச் சொல் வழக்கை இன்னும் சில பெரியவர்கள் எழுதுகிறார்கள், அணாவைக் கண்ணால் பார்க்காமலே.

1957 ஏப்ரல் 1 அன்று ரூபாய் 100 நயா பைசா ஆனது. 1964ல் ‘நயா’ உதிர்ந்து வெறும் பைசா ஆனது. இந்த மாற்றம் சிரிப்பு நாடகக்காரர்களுக்குக் கிடைத்த பெரிய புதையல். ஏன் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு அணா என்பது ஆறே கால் பைசா. கால் பைசாவுக்குக் காசு கிடையாது. அதனால் ஒரு அணாவுக்கு 6 பைசா, இரண்டு அணாவுக்கு 12, மூன்று அணாவுக்கு 19, நாலணாவுக்கு 25 என்று மாற்றுப் பட்டியல் போட்டார்கள். இப்போது ஒரு கெட்டிக்காரக் கிழவி நாலணாச் சாமானை ஒரே தடவையாக வாங்காமல் ஓரணா ஓரணாவாக நான்கு தடவை வாங்கினால் 24 பைசாதான் ஆகும். ஒரு பைசா லாபம். கடைக்காரன் தலையில் அடித்துக்கொள்வான். இதே கதையைத் திருப்பிப் போட்டால் மூன்று அணாவுக்கு 19 வாங்கிய கடைக்காரன் கால் பைசாவை விழுங்கிவிட்டான் என்று சண்டை. அந்தச் சண்டையை ஊர் முழுக்கப் போட்டுக்கொண்டிருந்த சமயம் அது. இன்றைக்கு அதை விளக்க எனக்கு ஒரு பத்தி ஆகிறது. விளக்கினால் சிரிப்பு வராது என்பதும் தெரிகிறது.

இதில் கவனிக்க வேண்டியது, உங்கள் கேசட்டில் இருப்பது அறுபதுகளின் நாடகம் என்றால், அதில் அணாவில் பேசும் பாத்திரம் பழமைவாதி என்று எழுதியவர் காட்டுகிறார். அதே நாடகத்தில் மகனோ மருமகளோ பைசாவில் பேசுவார்கள். ‘அந்தக் காலத்தில் அணாவில் பேசினார்கள்’ என்று முடிவுகட்டிவிட்டால் நகைச்சுவையின் முதுகெலும்பே போய்விடும். நாலணா, எட்டணா மட்டும் விதிவிலக்கு. 25, 50 பைசாக் காசுகளுக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. 25 பைசா நாணயம் 2011 ஜூன் மாத இறுதியில் செல்லாமல் போகும்வரை ‘நாலணா’வுக்கு உயிர் இருந்தது.

இலங்கைக் கேசட்டில் அணாவைத் தேடாதீர்கள். அங்கே 1872லிருந்தே ரூபாய்க்கு 100 சதம். நம்மூர்க் கிழவர் ‘காலணா பெறாது’ என்று சொல்கிற இடத்தில் யாழ்ப்பாணத்துக் கிழவர் ‘அஞ்சு சதத்துக்கும் உதவாது’ என்பார். இன்னொன்று, சல்லி. நமக்கு ‘சல்லிக்காசு’ என்றால் ஒன்றுக்கும் ஆகாத சின்னக் காசு. கொழும்பு முஸ்லிம் தமிழில் சல்லி என்றாலே பணம்தான், சிங்களத்திலும் அதே. ‘கையில சல்லி இல்ல’ என்று ஒரு பாத்திரம் சொன்னால், நம்மூர்க்காரர் காதில் ‘சில்லறை இல்லை’ என்று விழும். அவர் சொல்வது பணமே இல்லை என்று.

காசுக்கு அடுத்தது, ஆள் அப்படியே இருந்து வேஷம் மாறிய வார்த்தைகள். இவைதான் ஆபத்தானவை. புரியாத வார்த்தை வந்தால் அகராதியைப் புரட்டுவோம். புரிந்த மாதிரி இருக்கும் வார்த்தையை யாரும் தேடுவதில்லை. ‘மாப்பிள்ளை தினமும் ராத்திரி கிளப்புக்குப் போய்விடுகிறார்’ என்று ஒரு மாமனார் சொன்னால் இன்றைக்கு நமக்குத் தோன்றுவது வேறு. அந்தக் கிளப்பு காப்பி கிளப்பு. சாப்பாட்டுக் கடைக்கு அன்றைக்கு அதுதான் பெயர். மகள் சமைப்பதில்லை என்பதுதான் மாமனாரின் துக்கம். அதே போலக் கச்சேரி. பாட்டுக் கச்சேரியும் கச்சேரி, தாசில்தார் உட்கார்ந்திருந்த இடமும் கச்சேரி, போலீஸ் ஸ்டேஷனும் கச்சேரி. ‘அண்ணா கச்சேரிக்குப் போயிருக்கார்’ என்றால் பாடப் போனாரா, பிடித்துக்கொண்டு போனார்களா? இரண்டு அர்த்தமும் புழக்கத்தில் இருந்ததால்தான் அது நகைச்சுவை. இன்றைக்கு ஒன்றுதான் மிச்சம்.

‘ரீல் விடுகிறான்’ என்பதும் இப்போது இந்த வரிசையில் சேர்ந்துகொண்டிருக்கிறது. பொய் சொல்வதற்குத் தமிழில் அலுக்காமல் புதுப்புதுச் சொல் பிறந்துகொண்டே இருக்கும்: புளுகு, சரடு, கப்ஸா, புருடா, டூப், ரீல், பீலா. சினிமாச் சுருளிலிருந்து வந்த ரீல், இன்றைய பிள்ளைகளுக்குப் போனில் எடுக்கும் முப்பது விநாடிப் படம். ‘ரீல் விடாதே’ என்று பழைய நாடகத்தில் வந்தால், ‘போடாதே’ என்றுதானே இருக்க வேண்டும் என்று கேட்கிறார்கள்.

கூட்ட மேடைக் காட்சி ஒன்றாவது உங்கள் கேசட்டில் இருக்கும். ‘அக்கிராசனாதிபதி அவர்களே, மகாஜனங்களே’ என்று ஒருவர் ஆரம்பிப்பார். கடைசியில் வந்தனோபசாரம் நடக்கும். அக்கிராசனர் தலைவர் ஆனார், வந்தனோபசாரம் நன்றியுரை ஆனது, தேர்தலில் நிற்கும் அபேட்சகர் வேட்பாளர் ஆனார், ஸ்ரீமான் திரு ஆனார். தனித்தமிழ் இயக்கமும் திராவிட இயக்க மேடைகளும் ஒரு தலைமுறைக்குள் செய்து முடித்த வேலை இது. ஹாஸ்யமே நகைச்சுவை ஆகிவிட்டது. இந்த வார்த்தைகள் வரும் காட்சியிலும் அதே கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்: நாடகம் எந்த வருஷத்தது? நாற்பதுகளில் என்றால் அவை சாதாரணப் பேச்சு. அறுபதுகளில் என்றால் பேசுகிறவர் காலம் மாறியதைத் தெரிந்துகொள்ளாத மனுஷர்.

பாராட்டுச் சொற்களையும் சொல்லிவிடுகிறேன். பேஷ், சபாஷ், ஜோர் எல்லாம் பாரசீகத்தில் கிளம்பி இந்துஸ்தானி வழியாக நம்மிடம் வந்தவை. சபாஷ் சினிமாவிலும் போட்டி மேடையிலும் தப்பித்துக்கொண்டது. பேஷ் ஒரு காப்பித்தூள் விளம்பரத்தோடு நின்றுபோனது. ஜோர் அனேகமாகப் போய்விட்டது.

சரி, உச்சரிப்புக்கு வருவோம். இழுவையாகவும் செயற்கையாகவும் இருக்கிறது என்கிறீர்கள். அதற்குப் பாதிக் காரணம் மேடை. சென்னையில் அகில இந்திய வானொலி நிலையம் 1938லும் திருச்சி நிலையம் 1939லும் தொடங்கின. நாடகம் நடிக்க வந்தவர்களில் பலர் மேடையிலிருந்து வந்தவர்கள். மைக் இல்லாத கொட்டகையில் கடைசி வரிசைத் தரை டிக்கெட்டுக்குக் கேட்கும்படி பேசிப் பழகிய தொண்டை அது. மெய்யெழுத்தை அழுத்தி, நெடிலை நீட்டி, வாக்கியத்தின் கடைசிச் சொல்லைத் தூக்கி நிறுத்துவார்கள். வாய்க்கு நேரே மைக் வந்த பிறகும் தொண்டை மறக்கவில்லை.

இன்னொரு காரணம், வானொலியில் முகம் கிடையாது. ஐந்து பேர் பேசினால், யார் பேசுகிறார் என்பது முதல் வார்த்தையிலேயே தெரிந்தாக வேண்டும். அதனால் ஒவ்வொருவருக்கும் ஒரு முத்திரை. ஒருவர் எதற்கெடுத்தாலும் ‘அதாகப்பட்டது’ என்பார். கதாகாலட்சேபக்காரர்கள் வாயிலும் பத்திரம் எழுதுகிறவர்கள் வாயிலும் இருந்த சொல் அது. இன்னொருவர் ‘ஓய்’ போடாமல் பேசமாட்டார். மூன்றாமவர் மூக்கால் பேசுவார். வீட்டில் யாரும் அப்படி ஓயாமல் ‘அதாகப்பட்டது’ சொன்னதில்லை.

மூன்றாவது காரணம் வெறும் இயந்திரம். மத்திய அலை ஒலிபரப்பில் சுமார் 5 கிலோஹெர்ட்சுக்கு மேற்பட்ட ஒலி அனேகமாக வந்து சேராது. ஸ, ஃப போன்ற காற்றொலிகளின் கூர்மை பெரும்பாலும் அதற்கு மேலேதான் இருக்கிறது. அதை ரேடியோவிலிருந்து கேசட்டில் பிடித்து, கேசட் நாற்பது வருஷம் பரணில் கிடந்தால் என்ன மிஞ்சும்? ‘அந்தக் காலத்தில் ஸவைச் சரியாகச் சொல்லத் தெரியாது’ என்று ஒருவர் என்னிடம் வாதாடியிருக்கிறார். சொல்லத் தெரியும். கொஞ்சம் அதிகமாகவே தெரியும். ஸந்தோஷம், ஸௌக்யம் என்று அழுத்திச் சொன்ன தலைமுறை அது. கேசட்டுக்குத்தான் கேட்கத் தெரியவில்லை.

உண்மையிலேயே மாறிய ஒலி ஒன்று உண்டு. ஃப. ஆங்கிலச் சொற்களில் வரும் அந்த ஒலியைப் பெரும்பாலோர் ப என்றே சொன்னார்கள். மேலே சுற்றுவதும் பேன், தலையில் ஊர்வதும் பேன். ‘தலைக்கு மேல பேன் வேணும்’ என்று மாப்பிள்ளை கேட்க, ‘தலையிலயே இருக்கறது போதாதா’ என்று மாமியார் கேட்கும் வகைச் சிரிப்பு அன்றைக்கு எங்கும் உண்டு. பள்ளியில் பெயில் ஆனவனும் கோர்ட்டில் பெயில் எடுத்தவனும் ஒன்றாகக் குழம்புவார்கள். இப்போது எல்.கே.ஜி. பிள்ளைகூட ஃபேன் என்று காற்றோடு சொல்கிறது. ஒலி திருந்தியது, ஒரு குவியல் சிரிப்பு செத்துப்போனது.

‘இஸ்கூலு’, ‘இஸ்டேசன்’, ‘இஸ்டூலு’ என்று பேசும் பியூனையும் சந்திப்பீர்கள். படிக்காதவர் என்று காட்டத்தான் அப்படி எழுதினார்கள். ஆனால் எனக்கு அந்தப் பியூன்மேல் மரியாதை உண்டு. தமிழில் சொல்லின் முதலில் இரண்டு மெய் சேர்ந்து நிற்காது. ர, ல முதலில் வராது என்பது தொல்காப்பிய விதி. அதனால்தான் ராமன் இராமன் ஆகிறான், லட்சுமணன் இலக்குவன் ஆகிறான். முன்னால் ஒரு இகரத்தை வைத்து வாயை வழிக்குக் கொண்டுவரும் அதே வேலையைத்தான் பியூன் இஸ்கூலுக்குச் செய்கிறார். கம்பன் செய்தால் இலக்கணம், பியூன் செய்தால் சிரிப்பு.

சென்னைத் தமிழ் வரும் இடங்களில் ழ போய் ய வரும்: வாயப்பயம், கெயவி. இழுத்துக்கொண்டு என்பது ‘இஸ்துகினு’. இருக்கிறது என்பது ‘கீது’. ரிக்‌ஷாக்காரர் என்றால் இதைத்தான் பேச வேண்டும் என்று எழுதாத சட்டம் இருந்தது. தெற்கே நாங்கள் வாளப்பளம் என்று ளகரத்தில் சொல்லிக்கொண்டே சென்னைக்காரனின் யகரத்தைக் கேட்டுச் சிரித்தோம். இரண்டிலும் ழ இல்லை என்பது எங்களுக்கு உறைக்கவே இல்லை.

இதே ரிக்‌ஷாக்காரரின் வார்த்தைகளும் வசவுகளும் தனி உலகம். பேஜார், நாஸ்தா, ஜல்தி, பேமானி எல்லாம் இந்துஸ்தானி வழி வந்தவை. ஆனால் கஸ்மாலம்? அது சமஸ்கிருதம். பகவத் கீதையின் இரண்டாம் அத்தியாயம், இரண்டாம் சுலோகத்தில், கலங்கி உட்கார்ந்த அர்ஜுனனைப் பார்த்து இந்தக் ‘கச்மலம்’ உனக்கு எங்கிருந்து வந்தது என்று கண்ணன் கேட்கிறான். மனக்கலக்கம், அழுக்கு என்ற பொருள். குருக்ஷேத்திரத்தில் புறப்பட்டது சென்னை வால்டாக்ஸ் ரோட்டில் வந்து இறங்கியிருக்கிறது. பன்னாடைக்கும் குலப்பெருமை உண்டு. பனை மட்டையின் அடியில் வலைபோல இருக்கும் நார்தான் பன்னாடை. அதைக் கொண்டு கள்ளோ நெய்யோ வடித்தால் நல்லதைக் கீழே விட்டுவிட்டுக் கசடைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மாணாக்கர்களைத் தரம் பிரிக்கும் நன்னூல் கடைசி ரகத்துக்கு இதைத்தான் உவமை சொல்கிறது, ‘நெய்யரி’ என்ற பெயரில். வாத்தியார் திட்டும் வசவு என்று பார்த்தால் மிகப் பொருத்தம்.

எல்லா வசவும் இப்படி ரசிக்கத் தகுந்தவை அல்ல. கேப்மாரி என்பது வெள்ளைக்காரன் காலத்தில் குற்றப் பரம்பரை என்று முத்திரை குத்தப்பட்ட ஒரு சமூகத்தின் பெயர். 1871ல் வந்த அந்தச் சட்டம் 1911ல் மதராஸ் மாகாணத்துக்கும் நீண்டது. 1952ல்தான் நாடு முழுக்க ஒழிந்தது. வானொலியில் அதை விளையாட்டாகச் சொன்னவர்களுக்கும் சிரித்தவர்களுக்கும் இது தெரிந்திருக்காது. நமக்குத் தெரியும். சாதிப் பெயரையும் தொழில் பெயரையும் வைத்து நடக்கும் கேலி உங்கள் கேசட்டில் நிறையவே இருக்கும். அழித்துவிடாதீர்கள், ஆனால் குடும்பக் குழுவில் போடும்முன் ஒருமுறை யோசியுங்கள்.

இனி இலங்கை. எனக்குப் பிடித்த பகுதி இதுதான்.

அங்கே வானொலி நாடகத்துக்குப் பெரிய பெயர் சானா என்கிற சண்முகநாதன். ‘லண்டன் கந்தையா’, ‘விதானையார் வீட்டில்’ எல்லாம் அவர் தயாரித்த நாடகங்கள். விதானையார் என்பது கிராமத் தலைமைக்காரர். நம்மூர் மணியக்காரர் மாதிரி. அந்தப் பதவியை 1963ல் எடுத்துவிட்டுக் கிராம சேவகரைக் கொண்டுவந்தார்கள். ஆக அந்தத் தலைப்பே இன்றைக்கு விளக்கம் கேட்கும். யாழ்ப்பாண நாடகத்தில் பரியாரி வந்தால் நாட்டு வைத்தியர். எங்கள் பக்கத்தில் அதே சொல் முடி வெட்டுபவரைக் குறிக்கும். பரிகாரம் செய்பவர் பரிகாரி. கிராமத்தில் இரண்டு வேலையும் ஒரே கையில் இருந்த காலத்தின் சாட்சி அது. இது தெரியாமல், வயிற்றுவலிக்குப் பரியாரியைக் கூப்பிடுகிறார்களே என்று சின்ன வயதில் நாங்கள் தேவையில்லாத இடத்தில் சிரித்திருக்கிறோம்.

பகிடி, விசர், பேந்து போன்றவை பழகிவிடும். கேலி, பைத்தியம், பிறகு. கந்தோர் என்றால் அலுவலகம், டச்சுக்காரன் விட்டுப்போனது. கதிரை, சப்பாத்து, குசினி, பாண் எல்லாம் போர்த்துக்கீசியன். நாற்காலி, செருப்பு வகை, சமையலறை, ரொட்டி. ‘அந்தக் காலத்துத் தமிழ்’ என்று நீங்கள் குறித்து வைத்திருக்கும் பட்டியலிலிருந்து இவற்றை எடுத்துவிடுங்கள். இவை பழசு அல்ல, வேறு ஊர். கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் இன்று காலையிலும் பாண் வாங்கியிருப்பார்கள்.

உச்சரிப்பிலும் அப்படித்தான். ‘நேற்று’, ‘காற்று’ என்பதை யாழ்ப்பாணத்தார் சொல்லும்போது நடுவில் நாம் சொல்வது போல ‘ற்ர’ என்று உருளாது. நுனிநாக்கு மேலே தட்டி நிற்கும். மலையாளிகள் அந்தச் சொற்களைச் சொல்லிக் கேட்டிருந்தால் அதே ஒலி. ஆங்கிலச் சொற்களின் டகர ஒலி தங்கள் ற்ற ஒலிக்கு நெருக்கம் என்பதால் அவர்கள் பெற்றோல், ரிக்கற், ரயர் என்று எழுதுவார்கள். எழுத்தில் ர, வாயில் டகரத்துக்குப் பக்கத்து ஒலி. கேசட் உறையில் ‘ரி. ராஜகோபால்’ என்று இருந்தால் அது நம் கணக்கில் டி. ராஜகோபால். இரண்டு பேர் என்று நினைத்து இரண்டு கோப்பாகச் சேமித்துவிடாதீர்கள்.

‘உவன் என்ன செய்யிறான்?’, ‘உந்தக் கதையை விடு’ என்று வருவதைப் பதிவுக் கோளாறு என்று நினைக்காதீர்கள். அவன், இவன் போல உவன். தொல்காப்பியத்தில் சுட்டு மூன்று: அ, இ, உ. கேட்பவர் பக்கத்தில் இருப்பதைச் சுட்டும் இந்த உகரம் தமிழ்நாட்டுப் பேச்சில் என்றைக்கோ மறைந்துவிட்டது. யாழ்ப்பாணத்தில் சந்தைக்குப் போகிறவர் வாயில் இன்னும் இருக்கிறது. உன் அப்பா என்பதற்குக் கொப்பர், உன் அம்மாவுக்குக் கொம்மா. சங்கப் பாட்டில் எந்தை, நுந்தை என்று யாருடைய தந்தை என்பதைச் சொல்லுக்குள்ளேயே வைத்தார்கள் அல்லவா, அந்தப் பழக்கத்தின் மிச்சம். நம்மூரில் ‘ஒங்கொப்பன்’ வசவாக மட்டும் மிஞ்சியது.

எழுபதுகளில் வந்த ‘கோமாளிகளின் கும்மாளம்’ உங்களிடம் இருந்தால் அதிர்ஷ்டம்தான். எஸ். ராம்தாஸ் மரிக்காராகவும், ராஜகோபால் அப்புக்குட்டியாகவும், பி.எச். அப்துல் ஹமீத் ஐயராகவும், எஸ். செல்வசேகரன் உபாலியாகவும் நடித்தார்கள். நாலு பேர், நாலு தமிழ். கொழும்பு முஸ்லிம் தமிழ், யாழ்ப்பாணத் தமிழ், ஐயர் வீட்டுத் தமிழ், சிங்களவர் பேசும் தமிழ். கதையைவிட இந்த நாலு நாக்கும் மோதிக்கொள்வதுதான் சிரிப்பு. பிறகு 1976ல் ‘கோமாளிகள்’ என்று சினிமாவாகவும் வந்தது.

உபாலி வகைத் தமிழை வெறும் கொச்சை என்று தள்ளிவிட வேண்டாம். பேச்சுச் சிங்களத்தில் நான் வந்தாலும் நீ வந்தாலும் அவள் வந்தாலும் வினைச்சொல் மாறாது. அந்த வாயால் தமிழ் பேசும்போது வந்தேன், வந்தாய், வந்தாள் எல்லாம் ஒன்றாகிவிடும். மரியாதைப் பன்மையும் தடுமாறும். முதலாளியை ‘வா’ என்றும் நாயை ‘வாங்க’ என்றும் கூப்பிட்டுவிடலாம். இதைக் கூர்ந்து கேட்டு, நடிக்கத் தெரிந்த ஒரு தமிழர் செய்ததுதான் அந்தப் பாத்திரம். மரிக்காரின் வாப்பா (அப்பா), உம்மா (அம்மா), நானா (அண்ணன்), மவுத்து (சாவு) எல்லாம் இன்றும் நடமாடும் சொற்கள். 1983 இனக் கலவரத்துக்கு முந்தைய கொழும்பு அது. நாலு பேரும் ஒருவர் பேச்சை ஒருவர் கேலி செய்துகொண்டு ஒரே நாடகத்தில் இருந்தார்கள். இன்றைக்குக் கேட்கும்போது சிரிப்பின் நடுவில் எனக்குத் தொண்டை கொஞ்சம் அடைத்துக்கொள்ளும்.

கடைசியாக வேலை சம்பந்தமாக ஒரு சொல். கேசட்டை ஏற்றுவதோடு வசனத்தை எழுத்திலும் இறக்கப் போவதாக இருந்தால், காதில் விழுந்ததை விழுந்தபடியே எழுதுங்கள். இஸ்கூலு என்றால் இஸ்கூலு. உவன் என்றால் உவன்; அவன் என்று மாற்றினால் ஆள் நிற்கும் இடமே மாறிவிடும். நாடகம் வந்த வருஷம் தெரிந்தால் தலைப்பிலேயே போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் காசைக் கவனித்து ஊகிக்கலாம்: அணா மட்டும் வந்தால் ஒரு காலம், நயா பைசா வந்தால் 57க்கும் 64க்கும் நடுவில், அணாவும் பைசாவும் சண்டை போட்டுக்கொண்டால் 57க்குப் பிந்தைய சில வருஷங்கள். முக்கியமாக, ‘பேன்’ என்று கேட்டால் கை பரபரத்து ஃபேன் என்று திருத்திவிடாதீர்கள். இரண்டு வரி தள்ளி யாராவது சீப்பு கேட்பார்.